யமாட்டோ மேசையில் இலங்கை

டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இது ஒரு டம்ளரில் முடிகிற பேச்சு இல்லை.

1942 பிப்ரவரி 20. சிங்கப்பூர் விழுந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ஜப்பானின் மிகப்பெரிய போர்க்கப்பலான யமாட்டோவில் கடற்படை அதிகாரிகள் வரைபடத்தை மேசையில் விரித்து ஒரு போர் ஆட்டம் ஆடினார்கள். மூன்று நாள் நடந்தது. இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைய வேண்டும், அங்கிருக்கும் பிரிட்டிஷ் கப்பற்படையை ஒழிக்க வேண்டும், இலங்கையில் படைகளை இறக்க வேண்டும். அவர்கள் ஆடிப் பார்த்தது இதைத்தான். கப்பற்படைத் தலைவர் அட்மிரல் யமமோட்டோவின் தலைமை அலுவலர் உகாகியும் திட்ட அதிகாரி குரோஷிமாவும் இதில் தீவிரமாக இருந்தார்கள். கேட்டது ஏறக்குறைய இரண்டு டிவிஷன் தரைப்படை. ராணுவத் தலைமை கொடுக்க மறுத்துவிட்டது. ஜப்பானிடம் அப்போது 51 டிவிஷன்கள் இருந்தும், தென்திசைப் போர் முழுவதற்கும் அது ஒதுக்கியிருந்தது 11 மட்டுமே. மீதியில் பெரும்பகுதி சீனாவிலும், ரஷ்யாவைப் பார்த்தபடி மஞ்சூரியாவிலும் நின்றுகொண்டிருந்தது.

அதனால் இலங்கைக்கு வந்தது படையெடுப்பு அல்ல, ஒரு தாக்குதல் மட்டும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை. சென்னையில் மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். அரசு அலுவலகங்கள் பலவும் உள்மாவட்டங்களுக்கு நகர்ந்தன. பிறகு ஜப்பானியக் கப்பல்கள் திரும்பிப் போய்விட்டன. மறுபடி அந்தப் பலத்தோடு வரவே இல்லை.

ராணுவம் அன்றைக்கு 'சரி' என்று சொல்லியிருந்தால்? இந்தக் கேள்வியை இன்றைக்கு நாம் வீட்டிலிருந்தே ஆடிப் பார்க்கலாம். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கணினியில் ஆட, நான் அறிந்ததில் இதற்கு மிகப் பொருத்தமானது 'வார் இன் தி பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்'. கேரி கிரிக்ஸ்பியின் குழு 2004இல் கொண்டுவந்த ஆட்டத்தை விரிவாக்கி 2009இல் மேட்ரிக்ஸ் கேம்ஸ் வெளியிட்டது. பசிபிக், இந்தியப் பெருங்கடல் இரண்டையும் சேர்த்து அறுகோணக் கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். ஆடுபவர்கள் கட்டத்தை 'ஹெக்ஸ்' என்பார்கள். ஒரு ஹெக்ஸ் 40 கடல் மைல். ஒரு டர்ன் என்பது போரில் ஒரு நாள். பகலில் நீங்கள் வேலைக்குப் போய்வந்து, இரவில் உட்கார்ந்து கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் படைகளுக்கும் உத்தரவு எழுதி, கோப்பை ஈமெயிலில் எதிராளிக்கு அனுப்புவீர்கள். அவர் தன் உத்தரவை எழுதியதும் இரண்டையும் மோதவிட்டு அன்றைய நாளின் முடிவைக் கணினி காட்டும். 1941 டிசம்பரில் தொடங்கி முழுப் போரையும் ஆடினால் நிஜ வாழ்க்கையில் பல ஆண்டுகள் ஓடிவிடும். நண்பர்கள் இருவர் ஒரே ஆட்டத்தை இப்படி ஆண்டுக்கணக்கில் நடத்துவது சாதாரணம்.

மாற்று வரலாறு ஆடுவதில் நான் விடாப்பிடியாக வைத்திருக்கும் முறை ஒன்று உண்டு. ஒரே ஒரு முடிவை மாற்ற வேண்டும், மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட வேண்டும். ராணுவம் 'சரி' என்கிறது. அவ்வளவுதான் மாற்றம். கப்பல்களின் எண்ணிக்கை, எண்ணெய், தூரம், பருவமழை, எதிரியின் விமானங்கள் எல்லாம் இருந்தபடி இருக்கட்டும். கூடவே ஜப்பானுக்கு இரண்டு விமானந்தாங்கிகள் அதிகம் கொடுத்து, அமெரிக்கரைத் தூங்க வைத்து ஆடினால் அது கதை எழுதுவது. அதிலிருந்து 1942ஐப் பற்றி நமக்கு எதுவும் தெரியவராது.

ராணுவத்தின் அந்த 'மாட்டேன்' ஆட்டத்துக்குள் எப்படி வருகிறது என்பதைப் பாருங்கள். சீனாவிலோ மஞ்சூரியாவிலோ இருக்கும் டிவிஷனை நீங்கள் நினைத்தவுடன் கப்பலில் ஏற்ற முடியாது. அதை வேறொரு தலைமையகத்துக்கு மாற்ற 'அரசியல் புள்ளிகள்' செலவாகும். அவை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேரும். ஆகவே இலங்கைக்குப் பார்க்க வேண்டியது ஏற்கெனவே மலாயாவில் சண்டையிடும் படைகளைத்தான். 5ஆவது டிவிஷன், 18ஆவது டிவிஷன், பேரரசுக் காவல் டிவிஷன். இதில் 18ஆவது டிவிஷன் உண்மை வரலாற்றில் ஏப்ரலில் ரங்கூனுக்குப் போய் இறங்கியது. நீங்கள் அதைத் திருகோணமலைக்கு அனுப்பினால் பர்மாவில் ஓர் ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாக யார் வருவார்கள் என்பதையும் அன்றைக்கே யோசித்தாக வேண்டும்.

அடுத்தது தயாரிப்பு. ஒவ்வொரு தரைப்படைக்கும் 'அடுத்து எந்த இடம்' என்று ஓர் இலக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து அந்த இடத்துக்கான தயார்நிலை ஏறக்குறைய நாளுக்கு ஒரு புள்ளி வீதம் ஏறும். உச்சம் 100. வரைபடம் படிப்பது, கரையின் ஆழம் பார்ப்பது, எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் எந்த வரிசையில் ஏற வேண்டும் என்று தீர்மானிப்பது எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. தயார்நிலை குறைவான படையைக் கரையிறக்கினால் முதல் நாளிலேயே பாதிப்பேர் குலைந்துபோவார்கள். பீரங்கிகள் கடலோடு போகும். ஏப்ரல் கடைசியில் திருகோணமலையில் இறங்க வேண்டுமானால் ஜனவரியிலேயே அந்தப் பெயரை எழுதியிருக்க வேண்டும். ஜனவரியில் அந்தப் படைகள் இன்னும் ஜொகூர் காட்டில் இருக்கின்றன. கையில் இல்லாத சிங்கப்பூரைக் கையில் வந்ததாக வைத்து அதற்கடுத்த தீவுக்கு ஏற்பாடு செய்கிறீர்கள். யமாட்டோ மேசையில் பேச்சு தொடங்கியதே பிப்ரவரி 20இல் என்பதை நினைத்துப் பார்த்தால், ராணுவம் ஒப்புக்கொண்டிருந்தாலும் அரைகுறைத் தயாரிப்போடுதான் போயிருப்பார்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த அம்சம் இந்தத் தயார்நிலை எண்தான். துணிச்சலால் அதை ஏற்ற முடியாது. காலம் ஒன்றே ஏற்றும்.

இப்போது தூரத்தைப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகத் திருகோணமலைக்குச் சுமார் 1,500 கடல் மைல். ஜப்பான் மார்ச் 23 அன்று அந்தமானைப் பிடித்தது. போர்ட் பிளேரிலிருந்து திருகோணமலை சுமார் 700 கடல் மைல். அங்கிருந்து பெரிய கடல்விமானங்கள் வேவு பார்க்கப் போய்வரலாம். ஆனால் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக ஜீரோ சண்டை விமானங்கள் அவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியாது. ஆகவே இலங்கையில் ஒரு விமானத்தளம் கைக்கு வரும்வரை, தரையிறங்கும் படைக்கு மேலே குடை பிடிக்க வேண்டியது விமானந்தாங்கிக் கப்பல்கள்தான். 'இரண்டு நாள் வந்து போகிறோம்' என்பது 'இரண்டு மூன்று வாரம் அங்கேயே நிற்கிறோம்' என்று ஆகிவிடுகிறது. தாக்குதலுக்கும் படையெடுப்புக்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசம் இந்த நிற்பதில் இருக்கிறது.

நிற்பது ஏன் ஆபத்து என்பதற்கு உண்மையில் நடந்ததே சாட்சி. ஏப்ரல் தாக்குதலை நடத்திய அட்மிரல் நகுமோவிடம் அப்போது ஐந்து விமானந்தாங்கிகள் இருந்தன: அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, ஸுய்காகு. காகா மட்டும் பழுதுபார்க்க ஜப்பான் திரும்பியிருந்தது. உலகில் அந்த மாதத்தில் அதற்கு ஈடான கடல்விமானப் படை வேறு எங்கும் கிடையாது. ஏப்ரல் 4 அன்று கொக்கலை ஏரியிலிருந்து புறப்பட்ட ஒரு கேட்டலினா விமானம் இந்தக் கப்பற்படையைக் கண்டுபிடித்தது. ஓட்டியவர் கனடாக்காரர் லியோனார்ட் பர்ச்சல். சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன் செய்தியை அனுப்பிவிட்டார். மறுநாள் காலை சுமார் 125 விமானங்கள் கொழும்பின்மீது வந்தன. அங்கே குதிரைப் பந்தய மைதானத்தை விமானத்தளமாக்கி ஹரிக்கேன் விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். ஜப்பானியர்களுக்கு அது தெரியாது.

அன்று மதியம் நடந்ததுதான் நான் சொல்ல வருவது. கொழும்பை இரண்டாம் முறை தாக்க நகுமோ தன் மிச்ச விமானங்களில் டார்ப்பிடோவைக் கழற்றிக் குண்டு மாட்டச் சொன்னார். அந்த வேலை நடுவில் இருக்கும்போது, தெற்கே எதிரிக் கப்பல்கள் என்று செய்தி வந்தது. மறுபடி மாற்றச் சொன்னார். விமானந்தாங்கி என்பது ஒரே ஒரு தோசைக்கல்லை வைத்துக்கொண்டு நடத்தும் கடை மாதிரி. திரும்பி வருகிற விமானத்தை இறக்குவது, ஆயுதம் மாட்டுவது, காவலுக்கு அனுப்புவது, தாக்குதலுக்கு அனுப்புவது எல்லாமே அந்த ஒரு கல்லில்தான் நடக்க வேண்டும். கண்டுபிடிக்கப்பட்டவை டார்செட்ஷைர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர்கள். விமானந்தாங்கிகளாக இல்லாமல் போனது நகுமோவின் அதிர்ஷ்டம். செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானங்கள் இருபது நிமிடத்துக்குள் இரண்டையும் மூழ்கடித்தன. 424 பேர் இறந்தார்கள். 9ஆம் தேதி இன்னும் மோசம். ஒன்பது பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் யார் கண்ணிலும் படாமல் அகாகியின் தலைக்கு மேலேயே வந்துவிட்டன. குண்டுகள் கப்பலின் இருபக்கமும் கடலில் விழுந்தன, ஒன்றும் படவில்லை. ரேடார் இல்லாத கப்பற்படைக்கு இது எவ்வளவு பெரிய எச்சரிக்கை! அந்த எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளாத கப்பற்படைதான் எட்டு வாரம் கழித்து மிட்வேக்குப் போய் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது.

ஆகவே ஆட்டத்தில் ஜப்பான் பக்கம் உட்காருபவருக்கு நான் சொல்வது: உங்கள் சண்டை விமானங்களில் பாதிக்கு மேல் காவலுக்கு வையுங்கள், வேவு விமானங்களைத் திசைவாரியாகப் பிரித்து அனுப்புங்கள், ஒரே ஹெக்ஸில் இரண்டு நாள் தங்காதீர்கள். கடைசி அறிவுரையைக் கடைப்பிடிப்பது கடினம். கரையில் உங்கள் ஆட்கள் சாமான் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை விட்டு எங்கே போவீர்கள்?

எங்கே இறங்குவது என்ற கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் மேற்குக் கரை கொந்தளிக்கும். கொழும்பை நேராக எடுப்பது துறைமுகத்தின் பீரங்கிகளோடு மழையையும் சேர்த்து எதிர்ப்பது. திருகோணமலை உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. அருகிலேயே சீனக்குடாவில் விமானத்தளம் இருக்கிறது, பிரிட்டன் கட்டிய நூறு போல எண்ணெய்த் தொட்டிகள் இருக்கின்றன, மாகோ வழியாகக் கொழும்புக்கு ரயில்பாதையும் இருக்கிறது. எதிரிக்கும் இதெல்லாம் தெரியும். அதனால் சிலர் மட்டக்களப்புப் பக்கம் காவல் குறைந்த கரையில் இறங்கி வடக்கே நடப்பார்கள். அது உப்பேரிகளும் படகுத்துறைகளும் குறுக்கிடும் வழி. வரைபடத்தில் ஓரிரு ஹெக்ஸ் போலத் தெரிவது காலில் பல நாள். தீவும் காலியாக இல்லை. மார்ச் மாதத்துக்குள் இந்திய 34ஆவது டிவிஷன், மத்தியகிழக்கிலிருந்து ஊர் திரும்பும் வழியில் நிறுத்தப்பட்ட இரண்டு ஆஸ்திரேலியப் பிரிகேடுகள், ஒரு கிழக்கு ஆப்பிரிக்கப் பிரிகேடு எல்லாம் அட்மிரல் லேட்டனின் கீழ் இருந்தன. இரண்டு டிவிஷனுக்கு இது இழுபறி. மூன்று கொண்டுவந்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

பிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கொழும்பும் திருகோணமலையும் உங்கள் நிறத்தில் இருக்கின்றன. பலர் இந்த இடத்தில் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு மகிழ்ச்சியாகத் தூங்கப் போவார்கள். எனக்கு இந்தப் பயிற்சியில் உண்மையான ஆர்வம் தொடங்குவதே அதற்கு அடுத்த நாள்தான்.

போர் தொடங்கும்போது ஜப்பானிடம் இருந்த வணிகக் கப்பல்கள் மொத்தம் சுமார் 60 லட்சம் டன். அதில் ராணுவம் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது, கடற்படை ஒரு பங்கு. மிச்சத்தை வைத்துத்தான் இரும்புத்தாதுவும் நிலக்கரியும் அரிசியும் பாக்சைட்டும் ஜப்பானுக்கு வர வேண்டும். தென்திசை வெற்றிகள் முடிந்ததும் படைகளை ஏற்றிய கப்பல்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்பதுதான் டோக்கியோவின் கணக்கு. இலங்கை அந்தக் கணக்கைக் குலைக்கும். சுமத்ராவின் பலெம்பாங்கில் எடுத்த எண்ணெயைத் திருகோணமலைத் தொட்டிகளுக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு எண்ணெய்க் கப்பலும் ஜப்பானுக்குப் போகாத ஒரு எண்ணெய்க் கப்பல். ஆட்டத்தில் இது கண்ணுக்குத் தெரியும். சப்ளை ஒரு எண், எரிபொருள் இன்னொரு எண். தீவில் சப்ளை இறங்க இறங்க அங்குள்ள விமானங்கள் பழுதாகித் தரையில் உட்காரும், பீரங்கிகள் மௌனமாகும், படை தன் பலத்தில் பாதியாகச் சண்டையிடும். எதிரி ஒரு குண்டும் போடாமலே இது நடக்கும்.

எதிரி சும்மாவும் இருக்கமாட்டார். மதுரையிலிருந்து திருகோணமலைக்கு நேர்க்கோட்டில் சுமார் 200 கடல் மைல்தான். உங்கள் சப்ளை 1,500 மைல் கடலைத் தாண்டி வருகிறது. அவருடைய விமானங்களும் ஆட்களும் கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் ரயிலில் தென்னிந்தியாவுக்கு வந்து இறங்குகிறார்கள். சென்னையிலிருந்து ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போன போட் மெயிலை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நேச நாட்டுப் பக்கம் ஆடுபவருக்கு அந்தக் குறுகிய கடல்தான் உயிர்வழி. ஜப்பான் பக்கம் ஆடுபவர் கொழும்பை நோக்கி ஓடுவதற்கு முன் தலைமன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் அடைக்க வேண்டும். இதைச் செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தலைநகரின் கவர்ச்சி அப்படி.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், அதே ஆண்டில் உண்மையாகவே நடந்த ஒன்றைப் பாருங்கள். குவாடல்கனால். ஜப்பானின் பெருந்தளமான ரபாலிலிருந்து அந்தத் தீவு சுமார் 1,000 கிலோமீட்டர். சிங்கப்பூருக்கும் திருகோணமலைக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 1942 ஆகஸ்ட் முதல் ஜப்பான் அங்கே 30,000 பேருக்கு மேல் அனுப்பியது. பகலில் அமெரிக்க விமானங்கள் கப்பலை அண்டவிடாததால், டெஸ்ட்ராயர்கள் இரவோடு இரவாக வந்து கொஞ்சம் ஆட்களையும் அரிசியையும் தள்ளிவிட்டு ஓடின. 1943 பிப்ரவரியில் அழைத்துப்போக மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 10,600 பேர். இறந்தவர்களில் பெரும்பாலோர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். அங்கே இன்னும் கப்பல் கேட்ட ராணுவ அதிகாரிகளுக்கும், கொடுத்தால் தொழிற்சாலைகள் நின்றுபோகும் என்ற பிரதமர் டோஜோவுக்கும் டிசம்பரில் வெளிப்படையாகவே சண்டை மூண்டது. கடல் வாணிகத்தைக் காப்பதற்கென்று ஜப்பான் ஒரு தனித் தலைமையகம் அமைத்தது 1943 நவம்பரில்தான். இந்த நாடு இந்தியாவின் வாசலில் ஒரு பெரிய தீவை ஓர் ஆண்டு ஊட்டி வளர்த்திருக்குமா? முடியாது என்பது என் முடிவு. ஆட்டம் ஒவ்வொரு முறையும் அதையே வேறு வேறு விதமாகக் காட்டுகிறது.

பிரிட்டிஷ் பக்கமும் இதே விதிக்கு உட்பட்டதுதான். அட்மிரல் சோமர்வில்லிடம் இன்டாமிட்டபிள், ஃபார்மிடபிள் என்று இரண்டு நல்ல விமானந்தாங்கிகளும், ஹெர்மிஸ் என்ற சிறிய ஒன்றும், ஐந்து பழைய போர்க்கப்பல்களும் இருந்தன. ஏப்ரல் 1 வாக்கில் தாக்குதல் வரும் என்று உளவு சொன்னது. அவர் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். வரவில்லை. பழைய போர்க்கப்பல்களில் நன்னீர் தீர்ந்துகொண்டிருந்தது, எரிபொருளும் வேண்டும். கொழும்புக்குத் தென்மேற்கே சுமார் 600 கடல் மைலில் மாலத்தீவின் அட்டு பவளத்தீவில் ரகசியமாக அமைத்த தளத்துக்குப் போனார். அவர் அங்கே போய்ச் சேர்ந்த அதே 4ஆம் தேதிதான் பர்ச்சலின் செய்தி வந்தது. தண்ணீர் நிரப்பப் போனதால் ஒரு பெரிய கடற்போர் தவறியது. தவறியது பிரிட்டனுக்கு நல்லதாகவே முடிந்தது. பகலில் மோதியிருந்தால் அவர் கப்பற்படையை இழந்திருப்பார். இரவில் மோதியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். அவருடைய ஆல்பகோர் விமானங்களில் ரேடார் இருந்தது, நகுமோவிடம் இல்லை. 5ஆம் தேதி மாலை இரண்டு கப்பற்படைகளும் மிக அருகில் வந்து, ஒன்றையொன்று பிடிக்காமல் விலகின. ஹெர்மிஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 9ஆம் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது.

நேச நாட்டுப் பக்கம் ஆடுபவர் சோமர்வில்லின் பொறுமையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கப்பற்படையை அட்டுவில் அல்லது ஆப்பிரிக்கக் கரையில் வைத்திருங்கள். வங்காள விரிகுடாவிலிருந்து சரக்குக் கப்பல்களை முன்கூட்டியே வெளியே எடுங்கள். உண்மையில் அதைச் செய்யாததால் ஜப்பானிய அட்மிரல் ஓஸாவாவின் சிறிய படை சில நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. இலங்கை விழட்டும். அதற்குப் பிறகு தென்னிந்தியத் தளங்களிலிருந்து சரக்குக் கப்பல்களை மட்டும் அடியுங்கள்.

பசிபிக்கையும் ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். உண்மை வரலாற்றில் நகுமோவின் கப்பல்கள் ஏப்ரல் மூன்றாம் வாரம் ஜப்பான் திரும்பின. ஷோகாகுவும் ஸுய்காகுவும் நேராகப் பவளக்கடலுக்குப் போய் மே 7, 8 தேதிகளில் சண்டையிட்டன. மற்றவை ஜூன் 4 மிட்வேயில். இலங்கைக்காக அவை மே கடைசிவரை இந்தியப் பெருங்கடலில் நின்றால் பவளக்கடல் இல்லை, மிட்வேயும் இல்லை. நான்கு விமானந்தாங்கிகள் ஒரே நாளில் பலியாவதும் இல்லை. ஜப்பான் பக்கம் ஆடுபவருக்கு இது பெரிய ஆசைகாட்டல். ஆனால் அதே வாரங்களில் அமெரிக்கரின் யார்க்டவுன், லெக்சிங்டன், என்டர்பிரைஸ், ஹார்னெட் என்ற விமானந்தாங்கிகள் நான்கும் எந்தக் காயமும் இல்லாமல் பசிபிக்கில் சுற்றுகின்றன. எதிரே இருக்கும் மனிதர் வரலாற்றைப் படித்தவர். ரபாலையோ மார்ஷல் தீவுகளையோ அவர் மே மாதத்திலேயே தட்டிப் பார்க்கமாட்டார் என்று யார் சொன்னது?

இலங்கையைப் பிடித்து, வட ஆப்பிரிக்காவில் போரிட்ட ஜெர்மன் தளபதி ரோமெலோடு கை கோப்பது என்று ஒரு பழைய கனவு உண்டு. கொழும்பிலிருந்து ஏடனே சுமார் 2,100 கடல் மைல். ஜெர்மனியும் ஜப்பானும் 1942 ஜனவரியில் 70 டிகிரி தீர்க்கரேகையை எல்லையாக வைத்துக் கடலைப் பங்கு போட்டுக்கொண்டன. அதற்குமேல் சேர்ந்து திட்டமிட்டது மிகக் குறைவு. அந்தக் கனவை விட்டுவிடுங்கள். நேர்மையான இலக்கு ஒன்று ஆட்டத்திலேயே இருக்கிறது. 1943 ஜனவரி 1 அன்று உங்கள் வெற்றிப் புள்ளிகள் எதிராளியுடையதைப் போல நான்கு மடங்கு இருந்தால் ஆட்டம் உங்களுக்கு வெற்றியாக முடியும். இலங்கையையும் தென்னிந்தியாவின் ஒரு பகுதியையும் வைத்துக்கொண்டு அந்த நாளை எட்டிவிட முடியுமா என்பதுதான் பந்தயம். அதன் பிறகு அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்கள் பேசத் தொடங்கிவிடும்.

ஆட்டம் காட்டாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதில் சோறு தின்பவர்கள் படைவீரர்கள் மட்டுமே. 1942இல் இலங்கையில் சுமார் 60 லட்சம் மக்கள் இருந்தார்கள். அவர்கள் சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து, பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தது. மார்ச் 8 அன்று ரங்கூன் விழுந்ததும் அந்த அரிசி நின்றது. பிரிட்டனின் கையில் இருந்தபோதே அந்த ஆண்டு தீவில் அரிசி பங்கீட்டுக்கு வந்தது. ஜப்பான் பிடித்திருந்தால், 60 லட்சம் பேருக்கு அரிசி ஏற்றிவர அதற்குக் கப்பல் இருந்திருக்காது. படையெடுப்பு வரும் என்ற பயத்திலேயே வங்காளக் கரையோரம் மீனவர்களின் படகுகளையும் விவசாயிகளின் நெல்லையும் ஆங்கில அரசு பறித்தது. அதற்கடுத்த ஆண்டின் பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணம். திரையில் 'சப்ளை: 0' என்று சிவப்பாக எழுதும்போது நான் இதை நினைக்காமல் இருந்ததில்லை. இந்த எண்களைப் பார்த்துப் பழகிய பிறகு அந்த ஆண்டுகளின் பட்டினிக் கதைகளை முன்பைவிடக் கவனமாகப் படிக்கிறேன்.

பகடை உங்களுக்கு எதிராக விழும்போது என்ன செய்வீர்கள் என்பதும் முக்கியம். 1942 மே மாதத் தொடக்கத்தில் யமாட்டோவில் மிட்வேக்கான ஆட்டம் நடந்தது. நடுவர் உருட்டிய பகடையில் ஜப்பானிய விமானந்தாங்கிகள்மீது ஒன்பது குண்டுகள் விழுந்தன; அகாகியும் காகாவும் மூழ்கின. உகாகி குறுக்கிட்டு ஒன்பதை மூன்றாக்கினார், அகாகியைக் காப்பாற்றினார். மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் திரும்பி வந்தது. ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளான ஃபுசிடாவும் ஒகுமியாவும் போருக்குப் பின் எழுதிய நூலில் இதைச் சொல்கிறார்கள். ஜூன் 4 அன்று அடிபட்டு மூழ்கியவற்றில் அந்த இரண்டும் இருந்தன. நீங்கள் கணினியோடு தனியாக ஆடினாலும், ஒரு டர்ன் பிடிக்கவில்லை என்று பழைய கோப்பைத் திறந்து மறுபடி ஆடாதீர்கள்.

தொடங்க நினைத்தால் முழுப் போரில் இறங்க வேண்டாம், திணறிவிடுவீர்கள். ஆட்டத்திலேயே பவளக்கடல் என்று ஒரு சிறிய களம் இருக்கிறது. கப்பல் கூட்டம் அமைப்பது, எரிபொருள் நிரப்புவது, வேவு அனுப்புவது எல்லாம் அதில் கைக்கு வந்துவிடும். அடுத்து குவாடல்கனால் களம். அதை இரண்டு பக்கமும் ஆடுங்கள், ஜப்பானை இரண்டாவதாக. பிறகு 1941 டிசம்பருக்குப் போகலாம். அப்போது முதல் டர்னில் பேர்ல் ஹார்பர் எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்காமல், பட்டியலைத் திறந்து உங்களிடம் எத்தனை எண்ணெய்க் கப்பல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 18ஆவது டிவிஷனுக்கு எந்த இலக்கை எழுதுவது என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.